பெருங்கடவிளையில் பத்து நாட்கள்

ஆண்டு முழுவதும் பாடுபட்டுப் பொருளீட்டும் குடும்பங்களுக்கு விடுமுறை ஒரு பெரும் பேறு. கடல் கடந்து வாழும் நம்மவர்க்கோ அப்பேறு ஆண்டுக்கு ஒரு முறை வாய்க்கிறது; சிலர்க்கு ஈராண்டுக்கு ஒரு முறைதான் வாய்க்கிறது. ஊருக்குப் புறப்படும் நாள் குறிக்கப்பட்டவுடன் பெரியவர்கள் தம் பெற்றோரை நினைக்கிறார்கள். பிள்ளைகள் கேளிக்கைப் பூங்காவை நினைக்கிறார்கள். இரண்டு விருப்பங்களும் நியாயமானவையே. ஆனால் இரண்டும் ஒரே பணப்பையிலிருந்து நிறைவேற வேண்டும். ஒரே முப்பது நாட்களுக்குள் நிறைவேற வேண்டும். எத்தனையோ வீடுகளில் விடுமுறை முடிந்து திரும்பும்போது கடன் சீட்டு ஒன்று உடன் வருவதும், ஊரில் முதியவர்கள் "பிள்ளைகளை நன்றாகப் பார்க்கக்கூட இல்லையே" என்று ஏங்கி நிற்பதும் நாம் அறிந்தவையே.

இவ்வாண்டு நாங்கள் திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென் எல்லையிலுள்ள பெருங்கடவிளையில் உறவினர் இல்லத்தில் பத்து நாட்கள் தங்கினோம். பூங்காவுக்கு ஒரே ஒரு நாளை ஒதுக்கி, மற்ற நாட்களை நெய்யாற்றுக்கும் அதன் சுற்றுப்புறங்களுக்கும் கொடுத்தோம். பிள்ளைகளும் மகிழ்ந்தனர், முதியோரும் மகிழ்ந்தனர், கைப்பொருளும் மிஞ்சியது. அவ்வழி நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றிற்கும் பயன்படக் கூடும் என்ற எண்ணத்தால் இதனை எழுதுகிறோம்.

கேளிக்கைப் பூங்காவின் வரலாறு

கேளிக்கைப் பூங்கா நம் காலத்தில் புதிதாகத் தோன்றியதன்று. டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் டிவோலி என்னும் பூங்கா 1843-இல் திறக்கப்பட்டது. அமெரிக்காவில் வால்ட் டிஸ்னி தமது டிஸ்னிலேண்டை 1955 ஜூலையில் திறந்தார். இந்தியாவில் தில்லியின் அப்பு கர் 1984-இலும், பம்பாயின் எஸ்ஸல் வேர்ல்டு 1989-இலும் தொடங்கின. இவ்விரண்டும் இன்று இல்லை. சென்னைத் தாம்பரத்தின் அருகே மலையாளத் திரைப்படத் தயாரிப்பாளர் நவோதயா அப்பச்சன் 1995-இல் கிஷ்கிந்தாவை நிறுவினார். கொச்சிக்கருகே பள்ளிக்கரையில் 2000-ஆம் ஆண்டில் வீகாலேண்ட் என்ற பெயரில் எழுந்த பூங்காவே இன்று ஒண்டர்லா என வழங்குகிறது.

இவ்வரலாற்றில் நம் பணப்பைக்குப் பொருந்தும் செய்தி ஒன்றுண்டு. டிஸ்னிலேண்டில் தொடக்கத்தில் நுழைவுக்கு ஒரு கட்டணமும், ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனிச் சீட்டும் இருந்தன. 1982-இல் அம்முறை கைவிடப்பட்டு, ஒரே கட்டணத்தில் எல்லா விளையாட்டும் என்னும் முறை வந்தது. இன்று நம் நாட்டுப் பெரிய பூங்காக்கள் பலவும் இம்முறையையே பின்பற்றுகின்றன. நாள் முழுவதும் ஓடியாடும் பத்து வயதுச் சிறுவனுக்கு இம்முறை ஆதாயம். மரநிழலில் அமர்ந்து பேரனின் செருப்பைக் காத்திருக்கும் எழுபது வயது மூதாட்டிக்கோ இது வீண் செலவு. ஒரே சீட்டு, இருவருக்கும் இருவேறு விலையாகிவிடுகிறது. சிக்கனத்தின் முதற்பாடம் இங்கேயே தொடங்குகிறது.

பணம் எங்கே போகிறது?

பூங்காவின் நுழைவுச் சீட்டே பெருஞ்செலவு என்று பலரும் எண்ணுகின்றனர். கணக்கிட்டுப் பார்த்தால் உண்மை வேறாக இருக்கும். தாய், தந்தை, பாட்டன், பாட்டி, இரு குழந்தைகள் என ஆறு பேர் கொண்ட குடும்பம் ஒன்று வாடகை வண்டியில் தொலைவிலுள்ள பூங்காவுக்குச் செல்வதாகக் கொள்வோம். பெரியவர் சீட்டு 1,000 ரூபாய், சிறுவர் சீட்டு 800 ரூபாய் என்று கணக்கின் பொருட்டு மட்டும் வைத்துக்கொள்வோம். ஆறு பேருக்கும் சீட்டு 5,600 ரூபாய். இரண்டு அறைகள், இரண்டு இரவுகள், அறைக்கு இரவொன்றுக்கு 2,000 வீதம் 8,000 ரூபாய். வண்டி மூன்று நாட்களுக்கு நாளொன்றுக்கு 4,000 வீதம் 12,000 ரூபாய். உணவு ஆளுக்கு நாளொன்றுக்கு 400 வீதம் மூன்று நாட்களுக்கு 7,200 ரூபாய். ஆகமொத்தம் 32,800 ரூபாய். இதில் பூங்காவுக்குச் சேர்வது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கே! எஞ்சிய ஐந்து பங்கும் அறைக்கும் வண்டிக்கும் உணவகத்துக்கும் போய்ச் சேருகின்றன.

அதே குடும்பம் ஊர் வீட்டில் தங்கி, பாட்டன் பாட்டியை வீட்டில் விட்டுவிட்டு, நான்கு பேராக ரயிலிலும் பஸ்ஸிலும் அருகிலுள்ள பூங்காவுக்குச் சென்று அன்றே திரும்பினால், அதே விலைக்குச் சீட்டு 3,600 ரூபாய். பயணத்துக்கும் ஒரு வேளை உணவுக்கும் 2,000 ரூபாய் சேர்த்தாலும் மொத்தம் 5,600 ரூபாயில் முடிந்துவிடும். முதற்கணக்கில் சீட்டுக்கு மட்டும் ஆன தொகை அது. விலைகள் இடத்துக்கிடம் மாறலாம். ஆனால் இக்கணக்கின் போக்கு மாறாது. பிள்ளைகளின் ஆசையைக் குறைத்துத்தான் பணத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பதில்லை. ஆசையைச் சுற்றி நாம் கட்டும் வேலியைக் குறைத்தாலே போதும்.

ஊர் வீடு என்னும் விடுதி

நெய்யாற்றின்கரைப் பட்டணத்திற்கு வடகிழக்கே, சில கிலோமீட்டர் தொலைவில் பெருங்கடவிளை அமைந்திருக்கிறது. ரப்பர் தோட்டங்களும், தென்னையும், வாழையும், மரச்சீனியும் நிறைந்த மேட்டுப் பாங்கான ஊர். விடியுமுன் ரப்பர் பால் வெட்டுவோர் தலையில் கட்டிய விளக்கொளியுடன் மரம் மரமாகச் செல்லும் காட்சி நகரத்துப் பிள்ளைகளுக்குப் புதுமையானது. 'விளை' என முடியும் ஊர்ப்பெயர்களைக் குமரி மாவட்டத்தில் அடியெடுத்து வைக்கும் இடமெல்லாம் காணலாம்; எல்லைக்கு இப்பாலும் அவை தொடர்கின்றன. கடைத்தெருவில் மலையாளமும் தமிழும் கலந்தே ஒலிக்கின்றன.

1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழியாகப் பிரிந்தபோது, அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகி அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. கோடு வரையப்பட்ட பின்னும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை. பாறசாலையில் அண்ணன், களியக்காவிளையில் தங்கை என்று வாழும் குடும்பங்கள் இன்றும் பல. ஆதலால் இங்கு ஒரு வீட்டில் தங்கினால் இரண்டு மாநிலங்களையும் பார்க்கலாம்.

வருவதும் எளிது. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்குச் செல்லும் ரயில் பாதை 1979-இல் திறக்கப்பட்டது. அதில் நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் நிலையங்கள். தேசிய நெடுஞ்சாலையும் இவ்விரு ஊர்களின் வழியே செல்கிறது. நெய்யாற்றின்கரையில் இறங்கினால் பெருங்கடவிளைக்குப் பஸ் உண்டு.

ஈண்டு ஒரு கருத்தை வலியுறுத்திக் கூற வேண்டும். உறவினர் வீட்டில் தங்குவது இலவசம் என்று எண்ணுவது தகாது. ஆறு பேர் பத்து நாட்கள் தங்கினால் அரிசியும் மீனும் பாலும் எரிவாயுவும் யாரோ ஒருவர் கையிலிருந்து செலவாகின்றன. அந்த யாரோ பெரும்பாலும் நம்மினும் குறைந்த வருவாய் உடையவர். அடுப்படியில் நிற்பவளும் நம் அக்காளோ, அண்ணியோதான். அவர்கள் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ஆதலின் சென்ற முதல் நாளே பலசரக்கை நாமே வாங்கிப் போட்டுவிடுவதும், காலைச் சந்தைக்கு நாமே பையுடன் செல்வதும், பாத்திரம் கழுவுவதில் நம் பிள்ளைகளையும் பழக்குவதும் கடமை. "எதுக்குத் தம்பி இதெல்லாம்?" என்று மைத்துனர் கேட்டால், "எங்க வீடுதானே அத்தான்" என்று சொல்லிவிட்டுச் சாக்கை இறக்கிவிட வேண்டும். விடுதிக்குக் கொடுத்திருக்க வேண்டிய தொகையில் நான்கில் ஒரு பங்கை இப்படிச் செலவிட்டாலும் நமக்கு மிச்சமே, உறவுக்கும் ஊறில்லை. பிறர் தோளில் ஏறிச் சேமிப்பது சேமிப்பாகாது.

பூங்காவுக்கு ஒரு நாள்

இங்கிருந்து பூங்காவுக்குச் செல்ல மூன்று திசைகள் உண்டு. திருவனந்தபுரத்துக்கு வடக்கே வெம்பாயத்தில் நீர்விளையாட்டுப் பூங்கா ஒன்று இருக்கிறது. தெற்கே கன்னியாகுமரியிலும் அத்தகைய பூங்கா உண்டு. இவை இரண்டும் காலையில் சென்று மாலையில் திரும்பும் தொலைவில் உள்ளவை. மூன்றாவது கொச்சிப் பள்ளிக்கரை. திருவனந்தபுரத்திலிருந்து எர்ணாகுளம் ஏறத்தாழ 220 கிலோமீட்டர். அங்கேயே சென்றாக வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் செய்தால், விடியற்காலை ரயிலில் சென்று இரவு திரும்பலாம். கொச்சி விமான நிலையத்தில் வந்திறங்கும் குடும்பங்கள், ஊருக்கு வரும் வழியிலோ திரும்பும் வழியிலோ அதனை முடித்துக்கொண்டால் தனிப் பயணமே வேண்டியதில்லை. நாங்கள் அருகிலுள்ள பூங்காவையே தேர்ந்தோம். சறுக்குமரத்தில் இறங்கும் ஏழு வயதுப் பிள்ளைக்கு அது பெரிய பூங்காவா, சிறிய பூங்காவா என்ற வேறுபாடு தெரிவதில்லை.

பயனுள்ள சில குறிப்புகள்:

கிழமையைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். சனி, ஞாயிறு, பண்டிகை நாட்களில் பல பூங்காக்கள் கூடுதல் கட்டணம் வாங்குகின்றன, வரிசையும் நீளும். கேரளத்தில் பள்ளி விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில். ஜூன் முதல் நாள் பள்ளிகள் திறந்துவிடும். வளைகுடா நாடுகளில் நம் பிள்ளைகளுக்கு விடுமுறை ஜூலை, ஆகஸ்டில். அதாவது, ஊர்ப் பிள்ளைகள் வகுப்பில் இருக்கும்போது நம் பிள்ளைகள் விடுமுறையில் இருக்கிறார்கள். செவ்வாய், புதன் கிழமைகளில் சென்றால் வரிசையில் நிற்கும் நேரமும் மிச்சம். மலேசியா, சிங்கப்பூரிலிருந்து ஆண்டிறுதியில் வருவோர் ரயில் சீட்டை மிக முன்னதாகவே எடுத்துவிட வேண்டும். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை சபரிமலைக் காலம்.

உயரத்தை அளந்து செல்லுதல் வேண்டும். பெரிய பூங்காக்களில் சிறுவர் கட்டணம் வயதைப் பொறுத்ததன்று, உயரத்தைப் பொறுத்தது. வீட்டுச் சுவரில் ஒரு கோடு கிழித்துப் பிள்ளையின் உயரத்தைக் குறித்துக்கொண்டால், எத்தனை சீட்டு, எவ்வகைச் சீட்டு என்பதும், எந்த விளையாட்டில் அனுமதி கிட்டும் என்பதும் முன்கூட்டியே தெரிந்துவிடும். வாயிலில் வந்து அழும் துன்பமும் நேராது. ரயிலில் கணக்கு வேறு. ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்குத் தனி இருக்கை கேட்காவிட்டால் கட்டணமில்லை. ஐந்திலிருந்து பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முன்பதிவு வண்டியில் தனிப் படுக்கை கேட்டால் 2016 ஏப்ரல் முதல் முழுக் கட்டணம். கேட்காவிட்டால் அரைக் கட்டணம்.

உடையை உடன் கொண்டு செல்லுதல் வேண்டும். நீர்விளையாட்டுகளில் பருத்தி உடையை அனுமதிப்பதில்லை. நைலான் போன்ற துணியே வேண்டும் என்பார்கள். வீட்டிலிருந்து கொண்டு போகாதவர்கள் அங்கேயே விலைக்கோ வாடகைக்கோ எடுக்க நேரிடும். துவாலை, மாற்றுடை, நனையாத பை ஆகியவற்றுக்கும் இதுவே விதி. பெட்டகம் ஒன்றை வாடகைக்கு எடுத்து எல்லார் உடைமைகளையும் அதிலேயே வைத்துக்கொள்ளலாம்.

வரியைக் கேட்டறிதல் வேண்டும். இத்தகைய பூங்காக்களின் நுழைவுக்குச் சரக்கு சேவை வரி 2017-இல் நூற்றுக்கு 28 ஆக இருந்தது. 2018 ஜனவரியில் அது 18 ஆகக் குறைக்கப்பட்டது. சொல்லப்படும் விலை வரி சேர்ந்ததா, சேராததா என்பதைச் சீட்டெடுக்கும்போதே கேட்டுவிடுவது நன்று.

உணவில் கருத்துடைமை வேண்டும். வெளியுணவை உள்ளே விடாத பூங்காக்களே மிகுதி. ஆகவே காலையில் வீட்டிலேயே புட்டும் கடலையும் வயிறாரப் பரிமாறி அழைத்துச் செல்வதும், மாலையில் வெளியே வந்தவுடன் உண்ணக் கட்டுச்சோற்றை வாழையிலையில் கட்டி எடுத்துச் செல்வதும் நலம். உள்ளே ஒரு வேளை உணவு மட்டும் வாங்கினால் போதும். முறுக்கும் முந்திரிக்கொத்தும் இருந்தால் திரும்பும் வண்டியில் பிள்ளைகள் பசி என்று சொல்லமாட்டார்கள்.

செலவுக்கு ஓர் எல்லை குறித்தல் வேண்டும். பொம்மைக்கும் புகைப்படத்துக்குமென்று ஒரு சிறு தொகையைப் பிள்ளைகளின் கையிலேயே கொடுத்து, "இது தீர்ந்தால் வேறில்லை" என்று சொல்லிவிட வேண்டும். தம் கைப்பணம் என்றவுடன் பிள்ளைகள் காட்டும் சிக்கனத்தைக் கண்டு நாங்கள் வியந்தோம். முற்பகலில் மூன்று கடைகளில் விலை கேட்ட சிறுமி, மாலையில் அத்தொகையில் பாதியை வீட்டுக்குக் கொண்டுவந்து பாட்டியிடம் கொடுத்தாள்.

நெய்யாற்றின் வழியே

மற்ற நாட்களின் கதை வேறு. நெய்யாறு அகத்திய மலையில் தோன்றி ஏறத்தாழ 56 கிலோமீட்டர் ஓடிப் பூவாற்றின் அருகே அரபிக் கடலில் கலக்கிறது. ஒரு குடும்பம் மூன்று நாட்களில் மலையிலிருந்து கடல் வரை இவ்வாற்றைப் பின்பற்றிச் செல்லலாம். பாட்டன் பாட்டியும் உடன் வரலாம். பேரப்பிள்ளைகளும் உடன் வரலாம்.

முதல் நாள் அருவிப்புறம். பெருங்கடவிளைக்கு மிக அருகில், பாறைகளிடையே ஆறு சலசலத்து ஓடும் இடம். 1888-ஆம் ஆண்டு சிவராத்திரியன்று நாராயண குரு இவ்வாற்றிலிருந்து எடுத்த கல்லொன்றையே சிவலிங்கமாக நிறுவினார். கோயில் வாயிலுக்குள் செல்ல உரிமை மறுக்கப்பட்டிருந்த மக்களுக்கு அன்று ஒரு வாயில் திறந்தது. இங்கு எழுந்த கோயில் யோகமே வளர்ந்து 1903-இல் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகமாகியது. குருவுக்குத் தமிழில் ஆழ்ந்த புலமை உண்டு. தமிழில் பதிகங்களும் பாடியிருக்கிறார். குமரி மாவட்டத்து மருந்துவாழ் மலையிலும் அவர் தவமிருந்தார். நுழைவுக் கட்டணம் இல்லாத இவ்விடத்தில் நம் பிள்ளைகள் கற்றுக்கொள்வதற்கு விலை மதிப்பிட இயலாது. ஆயினும் மழைக்காலத்தில் இப்பாறைகள் வழுக்கும். நீரின் இழுப்பும் வலிது. படியிலிருந்து காண்பதோடு நின்றுவிடுவதே அறிவுடைமை.

இரண்டாம் நாள் நெய்யாற்று அணை. 1958-இல் கட்டி முடிக்கப்பட்ட இவ்வணையைச் சூழ்ந்த காட்டுப்பகுதி அதே ஆண்டில் வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. தோட்டமும், முதலைகளை வளர்க்கும் இடமும், படகுப் பயணமும் உண்டு. 1984-இல் தொடங்கிய சிங்கப் பூங்காவைப் பற்றிப் பழைய நினைவோடு பேசுவோர் உளர். சிங்கங்கள் இப்போது அங்கு இல்லை என்பதைப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். அதற்கு ஈடாக அருகிலுள்ள கோட்டூர் காப்புக்காட்டில் யானைகளின் மறுவாழ்வு மையம் இருக்கிறது. தாயை இழந்த யானைக் கன்றுகளைப் பாகர்கள் பேணுவதைக் காண்பது எந்த இயந்திர விளையாட்டுக்கும் குறைந்ததன்று. பலத்த மழை நாட்களில் படகுகளை நிறுத்திவிடுவர். ஆதலின் புறப்படுமுன் கேட்டறிவது நன்று.

அணைக்கரையில் அமர்ந்திருந்தபோது, எங்களுடன் வந்த பாட்டா, மாநிலப் பிரிவினையின்போது பத்து வயதுச் சிறுவராயிருந்தவர், பழங்கதை சொன்னார். அணையின் இடதுகரைக் கால்வாய் எல்லை கடந்து விளவங்கோட்டு வயல்களுக்கும் நீர் கொண்டுசென்ற காலத்தையும், 2004-இல் அந்நீர் நின்றதையும் கூறினார். பிறகு பேரனின் தலையைத் தடவி, "மக்களே, தண்ணிக்கு எந்த ஊருன்னு தெரியாது, மனுசனுக்குத்தான் தெரியும்" என்றார். பேரன் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "பாட்டா, நீங்க நீச்சல் எங்கே படிச்சீங்க?" என்று கேட்டான். "இந்த ஆத்துலதான்" என்று தொடங்கிய பேச்சு பொழுது சாயும் வரை நீண்டது. ஒரு நாள் பூங்காவில் அவ்விருவரையும் உட்கார வைத்திருந்தால் அப்பேச்சு நிகழ்ந்திருக்குமா என்பது ஐயமே.

மூன்றாம் நாள் நெய்யாற்றின்கரைப் பட்டணமும் பூவாறும். பட்டணத்திலுள்ள கிருஷ்ணசாமி கோயிலில் 'அம்மச்சிப் பிலாவு' என்னும் பழம்பெரும் பலாமரம் இருக்கிறது. பகைவரிடமிருந்து தப்பிய மார்த்தாண்ட வர்மா அதன் பொந்தில் மறைந்து உயிர் பிழைத்தார் என்பது வழிவழி வரும் செய்தி. பூவாற்றில் ஆறும் காயலும் மணல்திட்டும் கடலும் ஒருங்கே தோன்றும். அங்குப் படகு வாடகை பெரும்பாலும் படகுக்கென்றே பேசப்படுவதால், இரண்டு குடும்பங்கள் சேர்ந்து சென்றால் செலவு பாதியாகும். ஏறுமுன் விலையையும் நேரத்தையும் தெளிவாகப் பேசிக்கொள்ள வேண்டும்.

மாலையில் நேரமிருந்தால் பாலராமபுரத்துக்குச் செல்லலாம். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராம வர்மாவின் காலத்தில் தமிழகத்திலிருந்து சாலியர் குல நெசவாளர்கள் இங்குக் குடியமர்த்தப்பட்டனர். கசவுக் கரையிட்ட கைத்தறி வேட்டிக்கும் புடைவைக்கும் இவ்வூர் பெயர் பெற்றது. பிழைப்புக்காக ஊர் பெயர்ந்த தமிழர் இருநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்வமைத்த தெருக்கள் அவை. பெயர்ந்து வாழும் நம் பிள்ளைகளுக்கு அத்தெருவில் தறியொலியைக் கேட்கச் செய்வது பொருத்தமன்றோ? ஊருக்குக் கொண்டுசெல்லும் பரிசுகளையும் நெய்தவரிடமே வாங்கிவிடலாம்.

எல்லைக்கு அப்பால்

களியக்காவிளையைக் கடந்தால் தமிழ்நாடு. 2021 மே முதல் தமிழ்நாட்டு அரசின் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆதலால் பாட்டி, தாய், மகள் மூவருக்கும் அப்பஸ்களில் செலவில்லை. திற்பரப்பு அருவியில் குளிக்கலாம். திருவட்டாற்றை அடுத்த மாத்தூரில், இரு குன்றுகளை இணைத்துப் பறளியாற்றின் மேல் 1966-இல் எழுந்த தொட்டிப்பாலத்தில் நடந்து செல்லலாம்; ஏறத்தாழ 115 அடி உயரத்தில், ஒரு பக்கம் கால்வாய் நீரும் கீழே பசுமையும் தெரிய நடக்கும்போது பெரியவர்களுக்கே நெஞ்சு படபடக்கிறது. சிதறால் மலையில் சமணச் சிற்பங்கள் உள்ளன. தக்கலையை அடுத்த பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் நின்றும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பது, திங்கட்கிழமை விடுமுறை.

கன்னியாகுமரிக்கு ரயிலிலேயே சென்று மாலையில் திரும்பலாம். 1970-இல் அமைந்த விவேகானந்தர் பாறை மண்டபமும், 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவர் சிலையும், அவ்விரண்டையும் இணைத்து 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலமும் பிள்ளைகளைப் பெரிதும் கவர்ந்தன. காலடியில் கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே கடல்! "இதுவும் தீம் பார்க்தான்" என்று எங்கள் வீட்டுச் சிறுவன் தீர்ப்பளித்தான்.

ஊரில் தங்க வீடில்லாதவர்க்கும் வழியுண்டு. கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் 2021 முதல் குறைந்த செலவில் சுற்றுலாப் பயணங்களை நடத்தி வருகிறது. தனி வண்டி அமர்த்துவதினும் அது பன்மடங்கு மலிவு.

முடிவாக ஒரு சொல்

சிக்கனம் என்பது பிள்ளைகளிடம் "இல்லை" என்று சொல்வதன்று. எதற்கு "ஆம்" என்று சொல்வது என்பதைக் குடும்பமாகக் கூடி முடிவு செய்வதே சிக்கனம். புறப்படுமுன் ஒரு மாலையில் பிள்ளைகளையும் உட்கார வைத்து, கையிலுள்ள தொகையையும் நாட்களையும் தாளில் எழுதிக் காட்டலாம். பூங்காவுக்கு எத்தனை நாள், பாட்டா பாட்டிக்கு எத்தனை நாள் என்று அவர்களையே பங்கிடச் சொல்லலாம். பணத்தை மீண்டும் ஈட்டிவிடலாம். அடுத்த விடுமுறைக்குக் கூடுதலாக உழைக்கலாம். முதியோரின் நாட்கள் அத்தகையன அல்ல. அவை கணக்கில் குறைந்துகொண்டே வருபவை. மிச்சப்படுத்த வேண்டியவற்றுள் முதன்மையானவை அந்நாட்களே என்பதை நினைவில் இருத்தி, வரும் விடுமுறைக்குத் திட்டமிடும் குடும்பங்கள் அனைத்தும் நலமே சென்று மகிழ்ந்து திரும்புக!